பெயர் எழுதாத அறுபது வீடுகள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்று, பேச வாய் வராமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் எங்கள் சபைக் குருவானவர் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் தமிழர் நலச் சங்கத் தலைவர் திரு. சொரிமுத்து அவர்களே! மேடைக்கு அழைத்தும் வர மறுத்து, கதவோரமாக நின்றுகொண்டிருக்கும் பை தைக்கும் பட்டறை உரிமையாளர் ஷாகுல் ஹமீது பாய் அவர்களே! பெற்ற தாயைப் பறிகொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மகள் ரஞ்சனா அவர்களே! கடையை அடைத்து, வேலைக்கு லீவு சொல்லி, ரயிலேறி இந்தப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் எல்லோரையும் கனத்த மனத்தோடு வணங்குகிறேன்.

என் பெயர் ஆபிரகாம் பொன்துரை. ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். திலக் நகரில் குடியிருக்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாக நம் சபையின் கிறிஸ்துமஸ் உதவிக் குழுவுக்குச் செயலாளர். மறைந்த செவிலியர் திருமதி எப்சிபா தேவசகாயம் அவர்களை, நம் எல்லோருக்கும் எப்சிபா சிஸ்டராக இருந்தவரை, புகழ்ந்து பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். புகழ்வேன். ஆனால் புகழ்வதற்கு மட்டும் நான் இங்கே வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக வாய்க்குள் அடக்கி வைத்திருந்த ஓர் உண்மையைச் சொல்ல வந்திருக்கிறேன். அது என் தவறு பற்றியது. பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன்.

எப்சிபா சிஸ்டர் யார்? சாயர்புரத்துக்குப் பக்கத்தில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் மணமாகி இந்தத் தாராவிக்கு வந்தவர். மாநகராட்சி மருத்துவமனையொன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் செவிலியர். கணவர் போனபிறகும், ஓய்வு பெற்றபிறகும், அதே ஒற்றை அறைக் கோலியில் இருந்தார். நவி மும்பை நெருளில் மகளுக்கு இரண்டு படுக்கையறை வீடு இருக்கிறது. ரஞ்சனா எத்தனை முறை கெஞ்சியிருப்பார்! "இங்க ஒங்களுக்கு என்னம்மா இருக்கு?" என்று கேட்டால், "டிசம்பர் கழியட்டும் பிள்ள" என்பார். எந்த மாதத்தில் கேட்டாலும் அதுதான் பதில். ஜனவரியில் கேட்டாலும் டிசம்பர் கழியட்டும்!

ஏன் டிசம்பர்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் நம் குழு, டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை, பள்ளி மைதானத்தில் உதவி வழங்கும் விழா நடத்தும். மேடை, ஒலிபெருக்கி, சிறப்பு விருந்தினர், சால்வை, எல்லாம் உண்டு. இருநூறு குடும்பங்கள் டோக்கனோடு வெயிலில் வரிசையாக நிற்கும். விருந்தினர் வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டு இரண்டு மணிநேரம் தாமதமாக வருவார். அரிசியும் சேலையும் கேக்கும் அதுவரை மேடையிலேயே இருக்கும். கொடுக்கக் கூடாதா? கூடாது! கொடுப்பவர் வந்து கொடுத்தால்தானே படம் எடுக்க முடியும்? அப்படித்தான் நான் நினைத்தேன். சிஸ்டர் மட்டும் ஒரு வாளியில் தண்ணீரை எடுத்துக்கொண்டு வரிசை நெடுக நடந்து ஊற்றிக்கொண்டிருப்பார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, நம் சபைப் பாடகர் குழுவில் விஜயராணி என்று ஒருவர் இருந்தார். அவர் பெயரை இந்த மேடையில் சொல்வதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா? இல்லை. அதனால் மூன்று நாட்களுக்கு முன்பு மாஹிமில் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் சொன்னார்: "பேரச் சொல்லியே பேசுங்க ஐயா. பேரச் சொல்லாம விட்டா ஆளாளுக்கு ஒரு பேரச் சொல்லுவாவ. இன்னும் நாலு பொம்பளைக்கு அந்தக் கேவலம் எதுக்கு?" அந்த அனுமதியோடுதான் சொல்கிறேன்.

விஜயராணியின் கணவர் டாக்ஸி ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டு வீட்டோடு விழுந்துவிட்டார். எட்டாம் வகுப்புப் படிக்கிற மகள். வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் நின்று பாடுகிற பெண், யாரிடம் போய்ச் சொல்வார்? எப்சிபா சிஸ்டரிடம் மட்டும் சொன்னார். சிஸ்டர் என்னிடம் வந்தார்.

"பொன்துரை ஐயா, ராணிக்கு ஒரு பை தனியா எடுத்து வச்சிருங்க. நான் வீட்டுல கொண்டு குடுத்துக்கிடுதேன். அவளை வரிசைக்கு மட்டும் கூப்பிடாதிய."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் சிஸ்டர். டோக்கன் வாங்கட்டும், வரிசையில வரட்டும்" என்றேன். அதோடு விட்டேனா? சிஸ்டருக்குத் தெரியாமல், நேரில் வந்தால்தான் பை என்று அந்த வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். நியாயம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு செய்தேன்.

விஜயராணி வந்தார். வரிசையின் கடைசியில், சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டு நின்றார். மேடையேறிப் பையை வாங்கப் போகும்போது, படக்காரர் முகம் விழவில்லை என்று என்னைப் பார்த்தார். "அம்மா, முந்தானைய எடுங்க, முகம் தெரியணும்" என்று மைக்கில் சொன்ன குரல் யாருடையது? என்னுடையது!

சகோதரர்களே, அந்தப் படத்தை நான் பேனராக அடித்தேன். பன்னிரண்டு அடி. நன்கொடை தந்தவருக்கு நன்றி சொல்லித் தொண்ணூறு அடிச் சாலை முனையில் கட்டினேன். கை நீட்டி நிற்கிற விஜயராணியின் முகம், போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் தெரிய அங்கே தொங்கியது. அந்த வழியாகத்தான் அவர் மகள் பள்ளிக்கூடம் போவாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் இந்தியில் கேலி பேசிச் சிரித்தார்களாம். அந்தப் பெண் மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை. அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாடகர் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு விஜயராணி வரவே இல்லை.

சிஸ்டர் என்னிடம் வந்து பேனரைக் கழற்றச் சொன்னார். நன்கொடையாளரிடம் ஜனவரிவரை இருக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். மறுநாள் பகல் பதினொரு மணிக்கு, ஐம்பத்தொன்பது வயதுப் பெண்மணி, டீக்கடையில் ஒரு ஸ்டூலை வாங்கிப் போட்டு ஏறி, காயக் கட்டுப் பிரிக்கிற கத்தரிக்கோலால் கயிற்றை அறுத்து, அந்தப் பேனரை இறக்கினார். கூட்டம் கூடிவிட்டது. "ஏ சிஸ்டர், என்ன செய்யிறிய?" என்று கேட்டவர்களுக்கு, "மடிக்க ஒரு கை பிடிங்க" என்று மட்டும் சொன்னாராம்.

நன்கொடையாளர் கோபித்துக்கொண்டு விலகினார். குழு கூடியது. சிஸ்டரைக் குழுவிலிருந்து நீக்கினோம். அந்தத் தீர்மானத்தை எழுதியது நான். "உதவி பெறுவோர் விவரங்களைக் கையாண்டதில் நேர்ந்த தவறு காரணமாக" என்று எழுதினேன். யாருடைய தவறு என்று எழுதவில்லை. படித்தவர்கள் எல்லோரும் விஜயராணியின் இல்லாமையை வெளியே சொன்னது சிஸ்டர்தான் என்று நினைத்தார்கள். விஜயராணியும் அப்படித்தான் நினைத்தார். அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லையே! தேடிப் போன சிஸ்டரை வாசலில் நிறுத்தி, "ஒங்கள நம்பித்தான சொன்னேன்?" என்று கேட்டாராம்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நான் இல்ல ராணி, அது செயலாளர் செய்த வேலை" என்று ஒரே ஒரு வார்த்தை! சொன்னாரா? "தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சிரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

ஏன் சிஸ்டர் சொல்லவில்லை என்று பிறகு ஒருநாள் நானே வெட்கம் கெட்டுப்போய்க் கேட்டேன். "ஒங்ககிட்ட அவ பேரச் சொன்னதே என் தப்புதான ஐயா" என்றார். பிறகு சொன்னார்: "நான் வாயத் தொறந்தா நீங்க குழுவ விட்டுப் போயிருவிய. அந்த இருநூறு வீட்டுக்கு அரிசி யாரு வாங்கியாருவா?" நான் தேவைப்பட்டேன். அதனால் காப்பாற்றப்பட்டேன். அவ்வளவுதான்!

அடுத்த வருடம் விஜயராணியின் கணவர் இறந்துபோனார். கடைசி இரண்டு மாதம் படுத்த படுக்கை. முதுகெல்லாம் புண். முப்பத்து நான்கு வருடம் நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்த கை ஒன்று, அந்தத் தெரு முனைவரை தினமும் வந்தது. கதவு திறக்கவில்லை. மருந்துப் பொட்டலத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பியது. ஒரு மனிதர் புண்ணோடு வேதனைப்பட்டுச் செத்தார். ஆற்றத் தெரிந்தவர் நூறு அடி தூரத்தில் நின்றார். நடுவில் நின்றது எது? என் மௌனம்!

நண்பர்களே, குழுவிலிருந்து நீக்கப்பட்ட சிஸ்டர் வீட்டில் முடங்கினாரா? இல்லை. ஷாகுல் ஹமீது பாயின் பட்டறைக்குப் போனார். பாய் இதை எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"பாய், மிச்சத் துணியில பை தைச்சுத் தாரியளா? எல்லாம் ஒரே நெறம், ஒரே அளவு. வெளிய இருந்து பாத்தா எதுல என்ன இருக்குன்னு தெரியக்கூடாது."

"எத்தன வேணும் சிஸ்டரம்மா?"

"முந்நூறு."

"யா அல்லாஹ்! இல்லாதவங்க முந்நூறு வீடா?"

"இல்லாதவங்க அறுபது வீடு பாய். மத்ததெல்லாம் இருக்கப்பட்டவங்களுக்கு."

பாய் சிரித்துவிட்டாராம். பிறகு புரிந்ததும் துணியை எடுத்து மேசையில் விரித்தாராம்.

கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்துக்குப் பலகாரம் கொடுப்பது நம் வழக்கம்தானே? அதைத்தான் சிஸ்டர் பிடித்துக்கொண்டார். முந்நூறு பையிலும் அச்சு முறுக்கும் அதிரசமும் இருக்கும். அறுபது பையில் மட்டும் அதற்கு அடியில் வேறொன்று இருக்கும். ஒரு வீட்டுக்குச் சர்க்கரை மாத்திரை. ஒரு வீட்டுக்கு மூக்குக் கண்ணாடி. ஒரு வீட்டுக்குப் பள்ளிக்கூட ஷூ, சரியான அளவில். யார் வீட்டில் என்ன இல்லை என்று வருடம் முழுக்கப் பார்த்து வைத்திருப்பார். டிசம்பர் பிறந்ததும் சாயங்காலம் சாயங்காலமாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். இந்து வீடு, முஸ்லிம் வீடு, நம்மவர் வீடு, எல்லா வீட்டுக்கும். போனதும் கொடுத்துவிட்டு வரமாட்டார். "மொதல்ல எனக்கு ஒரு வாய் டீ போடு" என்று உட்கார்ந்துவிடுவார். கேட்டு வாங்கிக் குடித்தபிறகுதான் பையை எடுப்பார். திலக் நகரில் என் வீட்டுக்கும் ஒரு பை வந்தது. பதினோரு வருடமும் வந்தது. நானும் டீ கொடுத்தேன். என் மனைவிக்கு எங்கள் தெருவில் யாருக்கெல்லாம் அது வெறும் பலகாரப் பை, யாருக்கெல்லாம் அது உயிர் என்று இன்றுவரை தெரியாது.

அந்த அறுபது பெயரை அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. "எழுதினா ஒருநாள் யாராவது படிப்பாவ" என்பார். எல்லாம் மனதிலேயே இருந்தது.

இந்த மழைக்காலத்தில் அவருக்கு வயிற்றில் வலி தொடங்கியது. செவிலியருக்குத் தெரியாதா அது என்ன வலி என்று? தெரிந்தது. மகளிடம்கூடச் சொல்லாமல், வழக்கம்போல டிசம்பருக்குத் தள்ளிப்போட்டார். டிசம்பர் பதினான்காம் தேதி, பலகாரம் சுடுகிற இடத்தில் சுருண்டு விழுந்தார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் ரஞ்சனாவிடம் சொல்லிவிட்டார்.

பதினாறாம் தேதி மருத்துவமனைக்குப் பார்க்கப் போனேன். அந்த வலியோடு இந்த டிசம்பரில் அவரால் ஒரு வீட்டுக்கும் கிளம்ப முடிந்திருக்கவில்லை; பட்டறையில் முந்நூறு பையும் தைத்து அடுக்கிக் கிடந்தன. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தேன்.

"சிஸ்டர், பேரச் சொல்லுங்க. நான் கொண்டுபோய்க் குடுத்துருதேன்."

கோபமே இல்லாத குரலில் அவர் சொன்னார்: "ஒங்ககிட்ட பேரச் சொல்ல மாட்டேன் ஐயா."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த தண்டனை அதுதான். அதைவிடப் பெரிய தண்டனை இனி எனக்கு எந்த நீதிமன்றம் தர முடியும்? நோட்டை மூடினேன். "வேற யார்கிட்ட சொல்லுவிய?" என்று கேட்டேன்.

"ராணியக் கூட்டிட்டு வாங்க" என்றார். "அவளுக்குத் தெரியும், இது எப்படி வலிக்கும்னு."

மறுநாள் மாஹிமில் அந்தக் கதவைத் தட்டினேன். விஜயராணி திறந்தார். சிஸ்டர் கூப்பிடுகிறார் என்றேன். "நான் எதுக்கு வரணும்?" என்றார். அவரை வரவைக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து அப்போதுதான் சொன்னேன். வரிசைக்கு வரச்சொல்லி ஆள் விட்டது நான். மைக்கில் பேசியது நான். பேனர் அடித்தது நான். சிஸ்டர் உன் பேரை என்னிடம் சொன்னதே, உன்னை வரிசைக்குக் கூப்பிடக் கூடாது என்று கேட்கத்தான். எல்லாம் சொன்னேன்.

அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எம் வீட்டுக்காரரு சாகையில அவிய தெரு மொனையில நின்னாவ ஐயா. நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். பாத்துட்டுத்தான் கதவச் சாத்தினேன்." பிறகு கேட்டார்: "இதச் சொல்ல ஒங்களுக்குப் பன்னண்டு வருஷம் ஆச்சா?"

நான் மன்னிப்பு என்று வாயெடுத்தேன். "இப்போ அதெல்லாம் கேக்காதிய" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அன்று மாலை, பார்வையாளர் நேரத்தில், விஜயராணி சிஸ்டரின் கட்டிலருகில் ஒரு மணிநேரம் குனிந்து உட்கார்ந்திருந்தார். நானும் ரஞ்சனாவும் வெளியே வராந்தாவில் நின்றோம். மணி அடித்ததும் விஜயராணி வெளியே வந்தார். கையில் காகிதம் இல்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன. மனப்பாடம் செய்துகொண்டே நடந்தார். நான் தள்ளி நடந்தேன். ஒரு பெயரும் என் காதில் விழவில்லை. "ஏழாம் நம்பர் ஷூ" என்ற சொல் மட்டும் விழுந்தது.

பஸ் நிறுத்தத்தில் அவர் அழுதார். "அவியகிட்ட மன்னிப்பு கேக்கணும்னுதான் போனேன் ஐயா. நேரமே இல்ல. மூச்சு விட்டு விட்டு வருது. இருந்த மூச்செல்லாம் பேரச் சொல்லவே சரியாப்போச்சு. நான் வாயத் தொறந்தா ஒரு பேரு போயிருமோன்னு பேசாம இருந்துட்டேன்."

அன்பு நிறைந்தவர்களே, இரண்டு பெண்களுக்குப் பன்னிரண்டு வருடம் கழித்துக் கிடைத்தது ஒரு மணிநேரம். அந்த ஒரு மணிநேரத்தையும் அவர்கள் தங்களுக்காகச் செலவழிக்கவில்லை!

மறுநாள் காலை சிஸ்டருக்கு நினைவு தப்பியது. விஜயராணி பைகளைப் பிரித்து அடுக்கினார். ஷாகுல் பாய் கைவண்டி தந்தார். நான் தூக்கிக்கொண்டு போய்த் தெரு முனையில் நிற்பேன். விஜயராணி மட்டும் வீட்டுக்குள் போவார். உட்கார்ந்து டீ கேட்டு வாங்கிக் குடிப்பார். இரண்டு நாள் இப்படி நடந்தது. டிசம்பர் இருபதாம் தேதி காலை எப்சிபா சிஸ்டர் நம்மை விட்டுப் போனார். இருபத்தொன்றாம் தேதி அடக்கம் செய்தோம். மண் போட்டுவிட்டு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, மிச்சமிருந்த வீடுகளுக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அழுகிற வீட்டுக்கும் அந்தப் பை போனது. சிஸ்டர் ஏன் வரவில்லை என்று கேட்ட வீட்டுக்கும் போனது.

இப்போது கடைசி உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் போனால் நான் மறுபடியும் பழைய பொன்துரைதான்.

சிஸ்டர் மனதில் இருந்தது அறுபது வீடு. விஜயராணிக்குக் கேட்டது ஐம்பத்தேழு பெயர். கடைசி மூன்றும் வெறும் காற்றாகத்தான் வந்தன. நாளைக்கு வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த நாளை வரவில்லை. ஐம்பத்தேழு வீட்டுக்கு அவர் சொன்னபடி கொடுத்தோம். மூன்று வீட்டுக்குக் கொடுக்கவில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கு மூன்று வீடுகள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கும். என்ன இல்லாமல் இருந்தார்களோ! மருந்தோ, சோறோ, நமக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். அவர் இல்லை.

இந்தக் கூட்டத்தில் நான் அறிவிக்கிறேன். செயலாளர் பொறுப்பிலிருந்து இன்றோடு விலகுகிறேன். சிஸ்டரை நீக்கிய அந்தத் தீர்மானம் பொய்யானது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் குருவானவரிடம் கொடுத்துவிட்டேன். நாளை ஞாயிறு ஆராதனையில் அது வாசிக்கப்படும். நம் சபையில் இனி மேடை இல்லை, டோக்கன் இல்லை, படம் இல்லை. வீட்டுக்குள் போக வேண்டியவர் விஜயராணி. பையைத் தூக்குவது என் வேலை. தூக்க முடிகிறவரை தூக்குவேன். கூடத் தூக்க வருகிறவர்கள் வாருங்கள்.

அந்த மூன்று வீட்டைச் சேர்ந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து கை தூக்காதீர்கள். எழுந்து நிற்காதீர்கள். யாரும் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஷாகுல் பாய் மறுபடியும் தைக்கத் தொடங்கிவிட்டார். எந்த வீடு என்று தெரியாததால், அடுத்த வாரத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் வருகிறோம். கதவைத் திறந்து, விஜயராணிக்கு ஒரு வாய் டீ மட்டும் கொடுங்கள். உங்கள் வீட்டில் என்ன இல்லை என்பதை, கதவைச் சாத்திவிட்டு, அவரிடம் சொல்லுங்கள்.